எங்களைப் பேச வைத்த மகனுக்கு

என் ராசாவுக்கு,

அடுத்த மாதம் இந்நேரம் உனக்குக் கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்து, சுகந்தியைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருப்பாய். இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். கட்டிலும் பீரோவும் நடுவீட்டுக்கு வந்து வழி மறித்துக்கொண்டு நிற்கின்றன. அடுக்களையில் மட்டும்தான் உட்கார இடம் இருக்கிறது. அரிசி டப்பாவின் மேல் பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது இவள் என்ன எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று உன் அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று விரட்டுவாய். ஊரில் உள்ள புருஷன்மார்களுக்கெல்லாம் பொறுமையாகக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறவன், பெற்ற தாயிடம் மட்டும் அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. வாயை மூடிக்கொண்டு கடைசி வரை படி.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் நான் வாங்குகிற வாரப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. கடையிலும் கோயிலிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் வைத்து என்னையும் உன் அப்பாவையும் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், "உங்க மவன் என்ன வேலை பாக்கான்?" என்று. அப்போதெல்லாம் நாங்கள் பாதியை முழுங்கிவிட்டுப் பாதியைச் சொன்னோம். "கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை" என்பார் உன் அப்பா. பொய் இல்லை. நீ கம்ப்யூட்டருக்கு முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறாய். அதைக் கேட்டு நானும் தலையை ஆட்டுவேன். அப்படிக் கேட்டவர்கள் எல்லாரும் இப்போது தெரிந்துகொள்ளட்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சில்லாமல் வாழ்கிற புருஷன் பெண்டாட்டிகளுக்கு என் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வழியாக வகுப்பு எடுக்கிறான். பக்கத்தில் உட்காரவும், முகம் பார்க்கவும், மனசில் உள்ளதைச் சொல்லவும், ஒருவர் கையை ஒருவர் பிடிக்கவும் பழக்குகிறான். போதுமா? இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நீ ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்த நேரம், கடையில் பெரிய கேலி. உன் அப்பாவின் கடைக்கு யார் வருவார்கள் என்று உனக்கே தெரியும். கயிறு வாங்கவும் வலைக்கு மிதவை வாங்கவும் வருகிற விசைப்படகுக்காரர்கள், தோணியில் போகிறவர்கள். வாய்க்குப் பூட்டு கிடையாது. "அண்ணாச்சி, பொண்டாட்டிகிட்ட பேசுததுக்கு கிளாஸ் எடுக்கானாமே தம்பி. பல்லு வெளக்கதுக்கும் எடுப்பானோ?" என்று ஒருவர் கேட்டாராம். உன் அப்பா அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் நான் அனுப்பிய சாப்பாட்டுத் தூக்கு அப்படியே திரும்பி வந்தது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ என்று நான் ருசி பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பிறகு ஊரார் சொல்லித்தான் தெரிந்தது. நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே.

அந்த வழக்கத்தைப் பற்றி இங்கே எழுதித்தான் ஆக வேண்டும், படிக்கிறவர்களுக்காக. எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒரு நாளும் பெரிய சண்டை கிடையாது. அடி கிடையாது, குடி கிடையாது, ஏச்சு கிடையாது. பேச்சும் கிடையாது. நான் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்வேன், நீ அவரிடம் போய்ச் சொல்வாய். "அப்பா, அம்மாவுக்குக் காய்ச்சல்." "அம்மா, அப்பா நாளைக்கு ஆறுமுகநேரி போறாங்களாம்." ஒரே அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போதுகூட இப்படித்தான். என் பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது, அதனால் அது ஒரு குறையாகவே எனக்குத் தெரியவில்லை. நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாய். அப்போதும் நிற்கவில்லையே! கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் நான் உனக்குப் போன் போடுவேன். நீ அங்கிருந்து கடைக்குப் போன் போடுவாய். மூன்று தெரு தள்ளி இருக்கிற கடைக்குச் செய்தி கோயம்புத்தூரைச் சுற்றிக்கொண்டு போகும். உன் விடுதிச் சிநேகிதர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சின்ன வயதில், இரண்டு பெரியவர்கள் பேச்சைச் சுமந்துகொண்டு, கோபத்தைக் கழித்து, நல்லதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல நீயாகவே பழகியிருந்தாய். "அம்மா மீன் குழம்பு உங்களுக்காகத்தான் வச்சாங்களாம்" என்று நான் சொல்லாததையும் நீ சேர்த்துச் சொன்னது எனக்குத் தெரியும்டா. எம்.எஸ்ஸி. பட்டம் பல்கலைக்கழகம் தந்தது. உன் வேலையை நீ இந்த வீட்டில்தான் படித்தாய்.

இனி உனக்குத் தெரியாத சங்கதிக்கு வருகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொள்.

ஊர் கேலி பண்ணுகிறது, பதில் சொல்லவாவது நீ என்னதான் பேசுகிறாய் என்று தெரிய வேண்டாமா? எதிர்வீட்டு நர்ஸ் ஜெபாவிடம் கேட்டு, எல்லாருக்கும் பொதுவாக நீ போட்டு வைத்திருந்த வீடியோக்களை என் போனில் வரவழைத்துக்கொண்டேன். அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன். முதலில் உன் முகத்தைப் பார்க்கத்தான் பார்த்தேன். மெலிந்திருக்கிறானே, சட்டையைத் தேய்த்துப் போட்டிருக்கலாமே என்றுதான் என் புத்தி போனது. பிறகுதான் காது உன் பேச்சுக்குப் போனது. சண்டை போடுகிற வீட்டைவிடச் சத்தமே இல்லாத வீட்டைப் பற்றித்தான் நீ அதிகம் பேசினாய். அங்கே இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருப்பார்கள், கடமையில் ஒரு குறை இருக்காது, ஆனால் ஒருவருக்கு என்ன பயம், என்ன ஆசை என்று இன்னொருவருக்குத் தெரியாது என்றாய். நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு என்ன பயம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட மனுஷனின் பயம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லாத நாள், வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்தேன். உன் அப்பா அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உன் குரல் கேட்டதும் தாளைச் சடசடவென்று திருப்பினார், எனக்குப் பிடிக்கவில்லை என்று காட்டுகிறாராம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சடசடப்பு நின்றுபோனது. அப்புறம் ஜெபா வீட்டு மிக்சி ஓட ஆரம்பித்ததும், உள்ளே இருந்து ஒரு சத்தம், "ஏளா, அதக் கொஞ்சம் கூட்டி வையி." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் போனைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவந்துவிட்டேன். முடிந்ததும் அவரே போனைக் கொண்டுவந்து கொடுத்தார். "பய நல்லாத்தான் பேசுதான்" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னார் என்றாலும் என்னிடம்தான் சொன்னார், நடுவில் ஆள் இல்லாமல்.

உன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நீ ஒரு விதி வைத்திருக்கிறாய் இல்லையா? நம் ஜனங்கள் வெட்கப்படுவார்கள் என்று, சொந்தப் பேர் வேண்டாம், ஊர்ப் பேர் போதும், முகம் காட்ட விருப்பமில்லாவிட்டால் காட்ட வேண்டாம் என்று. அந்த விதிதான் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. என் நம்பர் உனக்குத் தெரியும் என்பதால் ஜெபா தன் போனில் எங்களைச் சேர்த்துவிட்டாள். என்ன பேர் போட என்று கேட்டாள். தூத்துக்குடி என்று போட்டால் உனக்குச் சந்தேகம் வந்துவிடும். தசரா பார்க்கப் போன ஊர் உன் அப்பாவுக்கு நினைப்பு வந்தது. ஆமாம் ராசா, உன் வகுப்பில் முகமும் காட்டாமல் குரலும் காட்டாமல், ஒரு நாளும் தவறாமல், முதல் ஆளாக வந்து உட்கார்ந்த குலசேகரன்பட்டினம் தம்பதி நாங்கள்தான். "குலசை அண்ணாச்சி வந்தாச்சா?" என்று நீ ஒவ்வொரு வாரமும் கேட்பாய். பெற்ற அப்பனை நீ அண்ணாச்சி என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று உன் அப்பா பண்ணிய கூத்தை எழுதினால் இந்த அரிசி டப்பா தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னாய். அவர் யோசித்து யோசித்து, "இன்னைக்கு சரக்கு நல்லாருந்துச்சு" என்றார். கூட்டுப் பொரியலைச் சொல்கிறார்! இன்னொரு வாரம், மனைவி பேசும்போது பதிலோ வழியோ சொல்லாமல் சும்மா கேட்க வேண்டும் என்றாய். அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. ஏன் என்று எனக்குப் புரிந்ததும் அப்போதுதான். அவர் முப்பது வருஷக் கடைக்காரர். ஒரு ஆள் வந்து வாயைத் திறந்தால் அவர் கை அலமாரிக்குப் போய்விடும். "அண்ணாச்சி, நங்கூரம் நழுவுது" என்றால் பேச்சு முடிவதற்குள் கயிறு மேசைக்கு வந்திருக்கும். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அதுதான் அவர் தொழில். வீட்டிலும் அதே ஆள்தானே. முழங்கால் வலிக்கிறது என்பேன், தைலம் வந்துவிடும். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று உன்னிடம் ஒரு முறை சொன்னேன், அடுத்த நாள் புது டிவி வந்துவிட்டது. கொடுக்காத பொருள் கிடையாது. நின்று கேட்டது கிடையாது. அந்தக் கேள்வியை மட்டும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் வகுப்பில் தட்டச்சு செய்தேன், "பேசுகிறவருக்கு உடனே எதையாவது எடுத்துக் கொடுக்காமல் எப்படி இருப்பது?" என்று. நீ வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, இது நல்ல கேள்வி. கொடுக்கணும்னு நினைக்கிற உங்க மனசு பெரிசு. கையை மட்டும் கொஞ்ச நேரம் மடியில் வச்சுக்கோங்க, மதினி பேசி முடிக்கட்டும்" என்றாய். அவர் அப்போதே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏளா, சொல்லு" என்றார்.

என்ன சொல்ல? திடீரென்று கேட்டால் எங்கே வரும்? ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னேன். அவர் கையை எடுக்காமல் இருந்தார். அப்புறம் என்னை அறியாமல் வந்துவிட்டது, உன் சாத்தான்குளம் ஆச்சி இறந்த நாள். என் அம்மா போன அன்றைக்கு உன் அப்பா ஒரு குறை வைக்கவில்லை. பந்தல் அவர், வண்டி அவர், வந்தவர்களுக்குச் சாப்பாடு அவர், ஐஸ்பெட்டிக்குக்கூட அவர்தான் ஓடினார். என் அண்ணன் தம்பிகள் இன்றைக்கும் மெச்சுகிறார்கள். ஆனால் என் பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் உட்காரவில்லை. அவர் அங்கும் இங்கும் ஓடுவதை அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பந்தல் வேண்டியிருக்கவில்லை, நீங்கள் வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் கை ஒரு தடவை மடியிலிருந்து எழும்பியது, தண்ணீர் எடுக்கவோ என்னவோ. திரும்பவும் வைத்துக்கொண்டார். நான் பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். "நீ அழுதா எனக்கு என்ன செய்யன்னே தெரியாது ஏளா. பயமா இருக்கும். அதான் வெளிய வேலைய இழுத்துப் போட்டுக்கிட்டு நின்னேன்" என்றார். அவர் பயம் என்ன என்று தேடினேன் இல்லையா, இதுதான். நான் அழுவதுதான் அந்த மனுஷனுக்குப் பயம். அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்தார். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. இதற்கு மேல் மகனிடம் எழுத மாட்டேன், எனக்கும் வெட்கம் உண்டு.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீயும் உன் அப்பா பிள்ளைதான். உனக்கும் ஒரு அலமாரி இருக்கிறது, அதில் கயிறுக்குப் பதில் பாடம் அடுக்கி வைத்திருக்கிறாய். சுகந்தி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மல்லாடிவிட்டுச் சாயங்காலம் வந்து ஏதாவது சொல்லும்போது, நீ வாத்தியாராக உட்கார்ந்து "இதற்குப் பெயர் இன்னது" என்று ஆரம்பித்துவிடாதே. அவள் உன் வகுப்புக்குப் பணம் கட்டி வந்தவள் இல்லை, உன்னை நம்பி வருகிறவள். ஊருக்குச் சொல்கிறவன் வீட்டில் சறுக்குவது சுலபம். சறுக்கினால் ஒத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார். அவ்வளவுதான் என் உபதேசம்.

இனிமேல் எழுதப் போவதை உன்னிடம் அப்போது மறைத்துவிட்டோம். நிச்சயம் முடிந்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டிய நேரம். சாகுபுரத்திலிருந்து சுகந்தியின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அவர் மோசமான மனுஷன் இல்லை. அங்கே ஆலையில் பெரிய பொறுப்பில் இருக்கிறவர், குடியிருப்பு முழுக்கத் தெரிந்தவர், நாலு பேர் வாய்க்குப் பயப்படுகிறவர். காப்பி குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பத்திரிகையில மாப்ள பேருக்குக் கீழ என்ன வேலைன்னு போட? புருசன் பொண்டாட்டிக்குக் கிளாஸ் எடுக்கான்னு போட்டா ஆலையில என்னைய வச்சுச் சிரிப்பாங்க. தனியார் நிறுவனம்னு போட்ருவோம். கல்யாணத்துக்கு அப்புறம் தம்பிய இத விட்டுட்டுப் பழையபடி ஆஸ்பத்திரி வேலைக்கே போகச் சொல்லிருங்க. நீங்க இப்ப ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் அடிக்கக் குடுப்பேன்" என்றார். சுகந்தியின் அம்மா நாற்காலி நுனியில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் அடுக்களைக்குள் டம்ளர்களைக் கழுவுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். நீ சுகந்தியின் மேல் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த வேலையின் மேல் எவ்வளவு உயிர் வைத்திருக்கிறாய் என்றும் தெரியும். இரண்டில் ஒன்றைப் பறித்தால் நீ முழு மனுஷனாக இருக்க மாட்டாய். ஆனால் சம்பந்தம் பேசுகிற இடத்தில் நம் பக்கத்தில் பெண்கள் வாயைத் திறப்பதில்லை. ஆண்கள் முடித்துவிட்டு உள்ளே வந்து சொல்வார்கள். உன் அப்பாவைப் பற்றியும் எனக்குத் தெரியாதா? வீடு தேடி வந்து ஒருத்தர் கேட்கிறார், எடுத்து நீட்டிவிடுவார். "அதுக்கென்ன, சொல்லிருவோம்" என்று இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த வார்த்தை வரவில்லை, சுகந்தியின் அப்பாதான் பேசிக்கொண்டே இருந்தார். மெதுவாக எட்டிப் பார்த்தேன். உன் அப்பா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லி முடித்ததும் உன் அப்பா அடுக்களைப் பக்கம் திரும்பினார். "ஏளா, இங்கன வா" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசற்படியில் நின்றேன். "அங்கன எதுக்கு நிக்க? இங்கன வந்து உக்காரு" என்று தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் நான் விருந்தாளி முன்னால் உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்தேன். "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார். நாலு பேருக்கு முன்னால், என் முகத்தைப் பார்த்து.

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். பிறகு பேசினேன். நான் பேசியதை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது, ஆனால் மெச்சிக்கொள்கிறேன். "அண்ணன், எம் மவன் வகுப்புல நாங்களும் படிச்சோம். அவனுக்கே தெரியாது. இவுக என்னையக் கட்டிட்டு வந்த நாள்ல இருந்து நாலு பேரு முன்னால 'நீ என்ன சொல்லுத'ன்னு கேட்டது இன்னைக்குத்தான். கேக்க வச்சது எம் மவன். அந்த வேலைய விட்டுருன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? சுகந்தி எங்க வீட்டுக்கு வரணும்னு எனக்கு உசுரு. ஆனா அத விட்டாத்தான் பொண்ணுன்னா, நான் சொல்ல மாட்டேன்" என்றேன். உன் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவ சொன்னதுதான் என் வார்த்தையும்." சுகந்தியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். போகும்போது சுகந்தியின் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் போன நாட்கள் எனக்குத்தான் தெரியும். நீ போனில் மண்டபத்தைப் பற்றியும் சட்டைத் துணியைப் பற்றியும் சந்தோஷமாகப் பேசுவாய், நான் ம் கொட்டுவேன். பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று சோறு இறங்காது. உன்னிடம் சொல்லிவிடலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "அவன்கிட்ட சொன்னா அவன் நமக்காக இறங்கிப் போயிருவான். நாம ரெண்டு பேரும் சேந்து தாங்குவோம்" என்றார். அந்த நாட்களில் அவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். தைலம் வாங்கி வரவில்லை, டிவி வாங்கி வரவில்லை.

பிறகு ஒரு காலையில் சுகந்தியின் அப்பா நேரே கடைக்கு வந்துவிட்டார். நடந்ததை உன் அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். தூக்குச் சட்டியில் சாப்பிடுகிற மனுஷன் வேலை நாளில் வீட்டுக்கு வந்து கதை சொன்னது அதுதான் முதல். "எம் பொண்டாட்டி வீட்டுக்குப் போனதுல இருந்து எங்கிட்ட பேசல அண்ணாச்சி. ஏன்னு கேட்டேன். இத்தனை வருசத்துல இப்பவாவது கேட்டீயளேன்னா. கேட்டா, சுகந்திய இந்த வீட்லதான் குடுக்கணும்ங்கா, அந்த வேலையோடதான் குடுக்கணும்ங்கா. எம் பொண்ணும் அதையேதான் சொல்லுதா" என்று சுகந்தியின் அப்பா கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாராம். இரண்டு பேருமாக அங்கிருந்தே அச்சகத்துக்கு நடந்திருக்கிறார்கள். அங்கே உன் அப்பா தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாராம், உன் பேர், எம்.எஸ்ஸி., அதன் கீழே 'தம்பதியர் பயிற்சி ஆசிரியர்' என்று.

அச்சகத்துக்காரர் வாசித்துவிட்டு மீசைக்குள் சிரித்தாராம். சம்பந்திக்கு மறுபடியும் கொஞ்சம் உதறல். "போட்ருவோம் அண்ணாச்சி, போட்ருவோம். ஆனா இது என்ன வேலைன்னு எவனாவது கேட்டா நான் என்ன சொல்ல?" என்றாராம். உன் அப்பா அச்சகத்துக்காரருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார், "எங்கிட்ட அனுப்புங்க. நான் எம் மவங்கிட்ட படிச்சவன். நான் சொல்லுதேன்."

இதை என்னிடம் சொல்லும்போது உன் அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் பார்க்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
உன்னிடம் படித்த இன்னொருத்தி,
உன் அம்மா.